கிளாஸ் எடுக்கப் போகாதீங்க, கூட உட்காருங்க: கேம்பஸ் லைப்ரரிக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஏதோ ஒரு யூனிவர்சிட்டி லைப்ரரில இப்பதான் சேர்ந்திருக்கீங்க, சீஃப் கூப்பிட்டு "இன்ஃபர்மேஷன் லிட்டரசி பக்கம் நீங்க பாத்துக்கங்க"ன்னு, அதாவது தகவலைத் தேடி மதிப்பிட்டுப் பயன்படுத்தக் கத்துக் கொடுக்கிற வேலைன்னு, ஒரு பழைய ஸ்லைடு ஃபைலைக் கையில கொடுத்துட்டாங்கன்னு வச்சுக்குவோம். உள்ள என்ன இருக்கும்னு தெரிஞ்சதுதான், டேட்டாபேஸ் லாகின் பண்றது, கீவேர்ட் போட்டுத் தேடுறது, எண்ட்நோட்ல ரெஃபரன்ஸ் சேர்க்கிறது, ஏபிஏ முறைல மேற்கோள் காட்டுறது, டர்னிட்டின்ல காப்பி இருக்கான்னு பாக்குறது, ஒரு மணி நேரத்துல முடிச்சு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடலாம். இதை வேணாம்னு சொல்லல, ஸ்டூடண்ட்ஸுக்கு இது தேவை. ஆனா இதை மட்டுமே வருஷாவருஷம் பண்ணிட்டு இருந்தா லெக்சரருங்க கண்ணுக்கு நாம யாருன்னா பாஸ்வேர்ட் மறந்தா கூப்பிடுற ஆளுங்க, அவ்ளோதான்.

நான் எழுதுறது அதுக்கு அடுத்த வேலையைப் பத்தி. கிரிட்டிக்கல் இன்ஃபர்மேஷன் லிட்டரசின்னு சொல்றாங்களே, அதை லெக்சரருங்களோட சேர்ந்து எப்படி ஆரம்பிக்கிறதுன்னு.

பேரு பெருசா இருக்கேன்னு பயப்பட வேணாம். சாதாரணமா நாம கேக்குறது, இந்தத் தகவலை எப்படித் தேடுறது, நம்பலாமா, எப்படி சைட் பண்றது. கிரிட்டிக்கல்னு வந்துட்டா கூடவே வேற கேள்விங்களும் வரும், இது ஏன் லைப்ரரில இருக்கு, அது ஏன் இல்ல, யாரு பேசினதை யாரு எழுதி வச்சாங்க, யாரு பேச்சு ஆதாரம்னு எடுபடுது, யாரு பேச்சு சும்மா கதைன்னு ஒதுக்கப்படுது, இதுல காசு யாருக்குப் போகுது. இதோட வேர் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே கிட்ட இருந்து வருது, வாத்தியார் பேங்க்ல காசு போடுற மாதிரி மாணவன் தலையில தகவலைப் போடுறதைத்தான் அவர் எதிர்த்தாரு. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் 2000ல ஒரு தரப் பட்டியல் போட்டு வச்சிருந்தது, தேட வருதா டிக், மதிப்பிட வருதா டிக்னு போகும். 2015ல ஆறு கருத்து வச்சு ஒரு ஃபிரேம்வொர்க் வந்து, 2016ல அதை ஏத்துக்கிட்டு பழைய பட்டியலைக் கைவிட்டாங்க. அந்த ஆறுல ஒண்ணு, யாரு சொன்னா எடுபடும்ங்கிறது இடத்தையும் சூழலையும் பொறுத்து உருவாகுறதுன்னு சொல்லுது. நமக்கு இப்போதைக்கு இவ்ளோ தியரி போதும், மிச்சத்தை லெக்சரருங்களோட சேர்ந்தே படிச்சுக்கலாம், முன்னாடியே கரைச்சுக் குடிச்சுட்டுப் போனா பேச்சு லெக்சர் ஆயிடும்.

முதல்ல ஆள் பிடிக்கணும்

ஃபேகல்டி முழுக்க இமெயில் போடாதீங்க. "வொர்க்‌ஷாப்"னு போஸ்டர் அடிக்காதீங்க. நம்ம நாட்டு யூனிவர்சிட்டி பலதுல லைப்ரரியன் கல்விப் பணியாளர் கணக்குல வர்றது கிடையாது, அதனால நாம "உங்களுக்கு டிரெய்னிங் தர்றோம்"னு போய் நின்னா டாக்டர் பட்டம் வாங்கினவங்க கொஞ்சம் ஒரு மாதிரியாதான் பாப்பாங்க. குத்தம் சொல்லல, நாமளா இருந்தாலும் அப்படித்தான்.

அஞ்சு ஆறு பேர் போதும். ஒரே டிபார்ட்மெண்ட்ல எல்லாரையும் எடுக்காம கலந்து எடுங்க, இந்திய ஆய்வியல்ல ஒருத்தர், நர்சிங்ல ஒருத்தர், எஞ்சினியரிங்ல ஒருத்தர், பிசினஸ்ல ஒருத்தர்னு. தமிழ் லெக்சரருங்களை மட்டும் கூட்டாதீங்க, மலாய்க்காரங்க சீனவங்க கூட இருந்தாதான் ஒவ்வொருத்தர் மொழில எது கிடைக்குது எது கிடைக்கலங்கிற பேச்சே வரும். பிடிக்க வேண்டியது யாரைன்னா, ஸ்டூடண்ட்ஸ் ரெஃபரன்ஸ் லிஸ்ட் பாத்து ஏற்கனவே தலையில அடிச்சுக்கிட்டு இருக்கிறவங்களை. அவங்க கவுண்டர்ல வந்து புலம்புவாங்க, காது கொடுங்க.

எப்படிப் பேச்சை எடுக்கிறது? நான் பாத்த வரைக்கும் இது வேலை செய்யுது:

"டாக்டர், போன செமஸ்டர் அசைன்மென்ட் தாள் ஒண்ணு கொடுக்க முடியுமா?"

"ஏன்மா, எதுவும் பிரச்சனையா?"

"பிரச்சனை இல்ல டாக்டர், பசங்க கவுண்டர்ல வந்து அதைத்தான் கேக்குறாங்க, நாங்க என்னத்தைத் தேடிக் கொடுக்குறோம், நீங்க என்னத்தை எதிர்பாக்குறீங்கன்னு ஒருவாட்டி சேர்ந்து பாத்துக்கலாம்னுதான்."

இதுக்கு மாட்டேன்னு சொல்றவங்க கம்மி, ஏன்னா அது அவங்க தாள். நாம எதையும் விக்க வரல, அவங்க வேலையைப் பாக்க வந்திருக்கோம்னு புரிஞ்சிடும்.

நேரம் முக்கியம். செமஸ்டர் 14 வாரம்னா முதல் ரெண்டு வாரம் ரிஜிஸ்ட்ரேஷன் கலாட்டா, பத்துக்கு மேல மார்க்கிங், நடுவுல 3ல இருந்து 7ஆவது வாரத்துக்குள்ள மூணு தடவை உட்கார முடிஞ்சா நல்லது, ஒவ்வொண்ணும் ஒண்ணரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வைக்காதீங்க, தொழுகை நேரம். சாப்பாட்டுக்கு லைப்ரரி பட்ஜெட்ல வழி இருந்தா கேளுங்க, இல்லன்னா தே ஓவும் (பால் இல்லாத டீ) கரிபாப்பும் நம்ம கைக்காசுல, பெரிய செலவு இல்ல.

முதல் சந்திப்பு: நம்ம வீட்டுக் குப்பையை நாமளே காட்டணும்

இதுதான் என் முறைல முக்கியமான தந்திரம். அவங்க பாடத்துல கை வைக்காம முதல்ல நம்ம கேட்டலாக்ல இருக்கிற கோளாறைக் காட்டுங்க. லைப்ரரியனே தன் அலமாரியை விமர்சனம் பண்ணும்போது எதிர்ல இருக்கிறவங்க இறுக்கம் தளர்ந்துடும்.

அமெரிக்காவோட காங்கிரஸ் லைப்ரரி வகைப்பாட்டு முறைல அடுக்கின லைப்ரரின்னா எல்லாரையும் அலமாரிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போங்க. இங்கிலீஷ் இலக்கியத்துக்கு பிஆர் (PR)னு தனி எழுத்து, அமெரிக்க இலக்கியத்துக்கு பிஎஸ் (PS)னு தனி எழுத்து. தமிழ் எங்க? பிஎல் (PL), 4751 பக்கம். அதே பிஎல்லுக்குள்ளதான் சீனம், ஜப்பான், மலாய், சுவாஹிலி எல்லாம். நம்ம கூட்டத்துல இருக்கிற மலாய் லெக்சரரும் தமிழ் லெக்சரரும் சீன லெக்சரரும் ஒரே நேரத்துல "ஓ, நாமெல்லாம் ஒரே பெட்டியா"ன்னு சிரிப்பாங்க, அந்தச் சிரிப்புல பாதி வேலை முடிஞ்சுது. டியூயி எண் முறைன்னா மதத்துக்கான 200ஐக் காட்டுங்க, 1876ல வந்த முறை அது, 220ல இருந்து 280கள் வரைக்கும் பைபிளும் கிறிஸ்துவமும், மிச்ச மதங்களெல்லாம் 290கள்ல நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கும், இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணினதுன்னு இல்ல, பண்ணினவங்க கையில இருந்த புத்தகங்களும் அவங்க உலகமும் அப்படி இருந்துச்சு. இந்த வாக்கியத்தை மறக்காம சொல்லுங்க, இல்லன்னா பேச்சு திட்டுற பக்கம் போயிடும்.

அடுத்து கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சு ஒரே ஒரு வேலை கொடுங்க, திருக்குறள்னு தேடச் சொல்லுங்க. நம்ம ஊர்ல எல்லாரும் ரோமன் எழுத்துல டி-எச்-ஐன்னு ஆரம்பிச்சுதான் அடிப்பாங்க. தமிழ்ப் புத்தகப் பதிவு பலது அமெரிக்க லைப்ரரிங்க வச்சிருக்கிற எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி போட்டது, அதுல எச் கிடையாது, டி-ஐ-ஆர்னு போகும். பாரதியார்னு தேடினா இன்னும் கூத்து, நாம பி-எச் (Bh)னு அடிப்போம், பதிவுல பி-ஏ-ஆர் (Par)னு இருக்கும், ஏன்னா அந்த முறைல தமிழ் ப எங்க வந்தாலும் P தான். புத்தகம் அலமாரில இருக்கும், பொண்ணு வந்து தேடிட்டு "இல்ல"ன்னு போயிடும். இதை உங்க சொந்த கேட்டலாக்ல முன்னாடியே தேடிப் பாத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும், நேர்ல போய் வேற மாதிரி வந்துட்டா சங்கடம்.

ரெண்டாவது சந்திப்பு: ஒரே ஒரு தலைப்பை எடுத்து ஆழமாத் தோண்டறது

நான் எப்பவும் எடுக்கிறது சயாம் மரண ரயில்தான். உங்களுக்கு வேற பிடிச்சா வேற எடுங்க, ஆனா மலேசியாவுல தமிழ்க் குடும்பங்கள்ல இதைக் கேள்விப்படாத வீடு கம்மி, தாத்தாவோட அண்ணன் போனாரு திரும்பல, அப்படின்னு ஏதாவது ஒண்ணு இருக்கும்.

விஷயம் இதுதான். 1942-43ல ஜப்பான் ராணுவம் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. வேலைக்கு நேசப்படை போர்க்கைதிங்க சுமார் 60,000 பேர், அவங்கள்ல 12,000க்கு மேல செத்துப் போனாங்க. அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளிங்க, அதுல மலாயா தோட்டத்துல இருந்து கொண்டு போன தமிழங்க ஏராளம்.

இப்ப எல்லாரையும் நம்ம டேட்டாபேஸ்ல இங்கிலீஷ்ல தேடச் சொல்லுங்க. வர்றதுல யாரு எழுதினது, யாரைப் பத்தி எழுதினதுன்னு ரெண்டு நெடுவரிசை போட்டு எழுதச் சொல்லுங்க. கைதிகளோட நினைவுக் குறிப்பு, ராணுவ டாக்டருங்க டைரி, இந்தப் பக்கம் வரிசை சீக்கிரம் நிறைஞ்சிடும். அப்புறம் தேடுற சொல்லை மாத்துங்க, ஏஷியன் லேபரர், ரோமுஷா (ஜப்பான்காரங்க தொழிலாளிங்களுக்கு வச்ச சொல்), கூலி, தமிழ் லேபர்னு ஒவ்வொண்ணாப் போடச் சொல்லுங்க, ஒவ்வொரு சொல்லுக்கும் வேற வேற ஆவணம் மேல வரும், ஏன்னா அந்த ஆளுங்களுக்கு அந்தந்த ஆபீஸ் வச்ச பேரு அது, தோட்டத்துல அவங்களை யாரும் ரோமுஷான்னு கூப்பிடல. தேடுறவன் எஜமான் வச்ச பேரைத் தெரிஞ்சு வச்சிருந்தாதான் தொழிலாளி கிடைப்பான். சர்ச் ஸ்ட்ராட்டஜின்னு நாம ஸ்லைடுல போடுறோமே, அதை இந்த இடத்துல சொன்னா யாரும் போனை நோண்ட மாட்டாங்க.

அடுத்து எண்ணிக்கை. கைதிகள் எத்தனை பேர் இறந்தாங்கன்னு பாத்தா புத்தகத்துக்குப் புத்தகம் கிட்டத்தட்ட ஒத்து வரும். ஆசியத் தொழிலாளிங்க எத்தனை பேர் இறந்தாங்கன்னு பாத்தா ஒவ்வொண்ணும் ஒரு பக்கம், பத்தாயிரக் கணக்குல வித்தியாசம். ஏன்னு கேளுங்க, பதிலை நீங்க சொல்லாதீங்க, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. யாராவது சொல்லிடுவாங்க, ராணுவம் தன் ஆளுங்க பேரை லிஸ்ட் போட்டு வச்சிருந்துச்சு, தாய்லாந்துல காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7,000 கைதிங்களுக்குக் கல்லறை வரிசையா இருக்கு, தோட்டத்து ஆளுக்கு யாரு லிஸ்ட் போட்டா?

இங்கதான் ஒரு லெக்சரர், பெரும்பாலும் சயின்ஸ் பக்கத்துல இருந்து வந்தவரு, கண்டிப்பா கேப்பாரு: "அப்ப எல்லாமே அவங்கவங்க ஒப்பீனியன்னு சொல்ல வர்றீங்களா? ஃபேக்ட்டுன்னு ஒண்ணுமே இல்லையா?" நல்ல கேள்வி, இதுக்குத் தயாரா இருங்க. கைதிகள் கணக்கு பொய்னு யாரும் சொல்லல. தொழிலாளிங்க கணக்கு ஏன் ஆடுதுன்னா அவங்க சாவு நிஜம் இல்லாததால இல்ல, எழுதி வைக்க ஆள் இல்லாததால. எந்த எண்ணை எவ்ளோ உறுதியா சொல்லலாம்னு தெரிஞ்சுக்கிறது சயின்ஸ்காரங்களுக்கு ஏற்கனவே பழக்கமான விஷயம், அவங்க கிராஃப்ல பிழை எவ்ளோன்னு காட்ட எரர் பார் போடுவாங்க இல்ல, இங்க அந்தப் பிழை எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறோம், அவ்ளோதான்.

அப்புறம் தமிழ்ல எங்க தேடுறதுன்னு காட்டுங்க. 1924ல ஆரம்பிச்சு 2019ல நின்னு போன தமிழ் நேசன் மாதிரி பத்திரிகைங்க, கேஎல்லயே இருக்கிற தேசிய நூலகம், ஆர்க்கிப் நெகாராங்கிற தேசிய ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இதெல்லாம் எதுக்கு எங்க போகணும்னு ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்துடுங்க. கூகுள்ல முதல் பக்கத்துல வராததெல்லாம் இல்லாததுன்னு நினைக்கிற பசங்களுக்கு அந்த ஒரு பக்கம் பெரிய விஷயம்.

இதோட சேர்ந்த இன்னொரு விஷயம், பாட்டி சொன்னது. ஒரு பொண்ணு தன் பாட்டிகிட்ட மரண ரயில் கதை கேட்டு வந்து அசைன்மென்ட்ல எழுதுது. ஏபிஏ ஏழாவது பதிப்புப்படி அது பர்சனல் கம்யூனிகேஷன், உள்ள வரில மட்டும் போடலாம், கடைசி ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல வராது, ஏன்னா படிக்கிறவர் போய்ச் சரிபார்க்க முடியாது. காரணம் நியாயமாதான் இருக்கு, ஆனா விளைவு என்னன்னா ராணுவ டாக்டர் டைரி லிஸ்ட்ல இருக்கும் பாட்டி இருக்க மாட்டாங்க. கனடாவுல ஒரு காலேஜ் லைப்ரரியன் பூர்வகுடி மூத்தவங்க சொல்றதை லிஸ்ட்லயே சேர்க்கிற மாதிரி தனி வடிவம் பண்ணினாங்க, அங்க சில யூனிவர்சிட்டிங்க எடுத்துக்கிட்டாங்க. நம்ம லெக்சரருங்ககிட்ட இதைச் சொல்லி "நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு மட்டும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கேள்வில அரை மணி நேரம் ஓடும், ரெக்கார்ட் பண்ணி ஆர்க்கைவ்ல வைக்கலாமே, ஒப்புதல் ஃபார்ம் யாரு எழுதுறது, பாட்டி பேரைப் போடலாமா வேணாமா, மார்க் எப்படிப் போடுறதுன்னு அவங்களே பிச்சு உதறுவாங்க.

மூணாவது சந்திப்பு: அவங்க எழுதுறதைப் பத்தி

இதுக்குள்ள கொஞ்சம் பழகியிருப்பீங்க, இப்ப வலிக்கிற இடத்தைத் தொடலாம். நம்ம நாட்டுல லெக்சரர் கேபிஐ, அதாவது அவங்க வேலையை மதிப்பிடுற கணக்குன்னா ஸ்கோபஸ். அது ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பட்டியல் போடுற டேட்டாபேஸ், எல்சவியர்ங்கிற பதிப்பு கம்பெனியோடது, 2004ல வந்தது. ஒரு ஜர்னல் அதுக்குள்ள போகணும்னா தலைப்பும் சுருக்கமும் இங்கிலீஷ்ல இருக்கணும், ரெஃபரன்ஸ் ரோமன் எழுத்துல இருக்கணும்னு விதி இருக்கு. தமிழ்ல எழுதி தமிழ் எழுத்துலயே ரெஃபரன்ஸ் போடுற ஜர்னலுக்கு வாசல்லயே தடை. "டாக்டர், நீங்க தமிழ்ல ஒரு நல்ல கட்டுரை எழுதினா உங்க கேபிஐல அதுக்கு என்ன?"ன்னு ஒரே ஒரு கேள்வி, அப்புறம் நீங்க பேசவே வேணாம். பசங்ககிட்ட "ஸ்காலர்லி சோர்ஸ் மட்டும்தான்"னு விதி போடுறப்ப அந்த ஸ்காலர்லி எங்க உருவாகுதுன்னு அவங்க தங்கள் அனுபவத்துல இருந்தே சொல்லுவாங்க. புலம்பலா மட்டும் போயிடாம பாத்துக்கிறது உங்க வேலை, கடைசி இருபது நிமிஷம் அசைன்மென்ட் தாளை மேசைல எடுத்து வச்சிடுங்க.

ஒரு வரி மாறினா போதும்

பெரிய திட்டமெல்லாம் போடாதீங்க. கோர்ஸ் அவுட்கம்ல கை வச்சா கமிட்டி, ஃபைல், எம்க்யூஏ (கல்வித் தகுதி அங்கீகார அமைப்பு)ன்னு போகும், அசைன்மென்ட் கேள்வி பெரும்பாலும் லெக்சரர் கையிலயே இருக்கு. அதுல ஒரு வரி.

வரலாறு பாடத்துல "குறைஞ்சது பத்து ஸ்காலர்லி சோர்ஸ் பயன்படுத்தவும்"னு இருந்தா, கூடவே "உங்க லிஸ்ட்ல யாரோட குரல் இல்லன்னு ஒரு பத்தி எழுதவும், அது எங்க கிடைக்கலாம்னும் சொல்லவும்". நர்சிங்ல "சமீபத்து ஆய்வு ஐந்து"ன்னு இருந்தா, "ஆய்வுல கலந்துக்கிட்டவங்க எந்த நாடு, என்ன வயசு, செலவு யாரு கொடுத்தது, நம்ம வார்டுல இருக்கிற நோயாளிக்கு இது பொருந்துமான்னு சொல்லவும்". எஞ்சினியரிங்காரங்க "எங்களுக்கு இது ஒத்து வராது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, மலேசியத் தரநிலை எம்எஸ் ஆவணம் பொதுவா காசு கொடுத்து வாங்கணும், யூனிவர்சிட்டி சந்தா கட்டியிருந்தா அங்க இருக்கிற வரைக்கும் ஓசில படிக்கலாம், பட்டம் வாங்கிட்டு வெளிய போய் சின்னதா காண்ட்ராக்ட் எடுக்கிறப்ப என்ன பண்ணுவாங்கன்னு கேட்டுப் பாருங்க.

சாட்ஜிபிடி பேச்சு எப்படியும் வரும், முதல் சந்திப்புலயே வந்துடும், இல்லாத கட்டுரையை எல்லாம் ரெஃபரன்ஸ்ல போடுறாங்கன்னு. அதைத் தடுக்காதீங்க, ஆனா அங்கயே நிக்கவும் விடாதீங்க. மரண ரயில் கேள்வியை இங்கிலீஷ், மலாய், தமிழ் மூணுலயும் அங்கயே கேக்கச் சொல்லி பதிலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, யாரு இருக்காங்க யாரு இல்ல, ஆதாரம் கேட்டா எதைக் காட்டுது, அது நிஜமா இருக்கான்னு. அதுவே ஒரு அசைன்மென்ட்.

ஜாக்கிரதையா இருக்க வேண்டிய ஒண்ணு. இந்தப் பேச்சு சீக்கிரம் 3ஆர் பக்கம் போயிடும், இனம் மதம் அரசர். பயந்துக்கிட்டு ஒண்ணுமே பேசாம இருக்கிறதும் சரியில்ல, அதனாலதான் கேட்டலாக், எண்ணிக்கை, ரெஃபரன்ஸ் விதின்னு கையில தொட்டுக் காட்டக்கூடிய பொருளோட ஆரம்பிக்கச் சொல்றேன், வாக்குவாதம் சூடாச்சுன்னா மறுபடி அந்தப் பொருளுக்கே இழுத்துட்டு வந்துடலாம். வாட்ஸ்அப் குரூப் வச்சா நேரம் இடம் சொல்றதுக்கு மட்டும் வைங்க, விவாதம் வேணாம், ஸ்கிரீன்ஷாட் எங்க போகும்னு சொல்ல முடியாது.

செமஸ்டர் முடிஞ்சதும் பழைய கேள்வி, புது கேள்வி, அதுக்குப் பசங்க எழுதினதுல பேரை எடுத்துட்டு ரெண்டு மூணு பத்தி, எல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க, அடுத்த லெக்சரரைப் பிடிக்கப் போறப்ப ஸ்லைடு வேணாம், அந்த ஃபோல்டர் போதும். ஆண்டு ரிப்போர்ட்ல "பங்கேற்பு 6 பேர்"னு மட்டும் போட்டா மேலிடத்துல முகம் சுளிப்பாங்க, அந்த ஆறு பேர் கோர்ஸ்லயும் சேர்த்து எத்தனை ஸ்டூடண்ட்ஸ் அந்த மாறின கேள்வியை எழுதினாங்கன்னு பக்கத்துல போடுங்க. லெக்சரருங்க சிபிடி பாயிண்ட், அதாவது தொழில் மேம்பாட்டுப் பயிற்சிக்கான புள்ளி கேப்பாங்க, கேக்குறது நியாயம்தான், அதுக்கு எச்ஆர் ஃபார்மை முதல் சந்திப்புக்கு முன்னாடியே கொடுத்துடுங்க, முடிஞ்சப்புறம் கொண்டு போனா இழுத்தடிப்பாங்க.